எழும்பூருக்கு அடியில்

மெயின் லைன்: காவிரிக் கரையின் ரயில் கதை
பகுதி 34

முன்கதை

நாகப்பட்டினத்தில் 1859-இல் வேலையைத் தொடங்கிய கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி, 1861-இல் தஞ்சாவூருக்கும் 1862 மார்ச்சில் திருச்சிக்கும் தண்டவாளத்தைக் கொண்டுவந்து சேர்த்தது. முதலில் அகலப்பாதையாகப் போட்ட அந்த வழியை, செலவைக் காரணம் காட்டி, 1870-களில் மீட்டர் கேஜாகக் குறுக்கினார்கள். 1877-இல் தஞ்சைக்கும் மாயவரத்துக்கும் (இன்றைய மயிலாடுதுறை) இடையே ரயில் ஓடியது. பிறகு கொள்ளிடத்தைத் தாண்டி, சிதம்பரம், கடலூர், விழுப்புரம் வழியாகச் சென்னையோடு டெல்டா இணைந்தது. அந்த வழிதான் மெயின் லைன்.

விருத்தாசலம் வழியே கார்டு லைன் வந்ததும் வேகமான ரயில்கள் நம் ஊர்களைத் தொடாமல் திருச்சிக்குப் பறந்ததையும், 2006-இல் அகலப்பாதைப் பணிக்காக விழுப்புரம் – மயிலாடுதுறை வழி மூடப்பட்டு 2010-இல்தான் திறக்கப்பட்டதையும் சென்ற வாரம் பார்த்தோம். கும்பகோணத்துக்காரர் சென்னைக்குப் போகத் திருச்சியைச் சுற்றிப் போன காலம் அது.

அந்த நான்கு ஆண்டுகளில்தான், நம் மெயின் லைன் போய் முடியும் எழும்பூரில், யாரும் எதிர்பார்க்காத ஒரு திசையில் ரயில் போவதற்கான திட்டம் உருவானது. வடக்கிலும் இல்லை, தெற்கிலும் இல்லை. கீழே.

* * *

இரண்டு கம்பெனி, இரண்டு நிலையம்

தஞ்சை, நாகை, திருவாரூர்க்காரர்களுக்குச் சென்னை என்றால் முதலில் எழும்பூர்தான்.

1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்ட நிலையம் அது. ஹென்றி இர்வின் வடிவமைத்தார். பெங்களூரைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை கட்டினார். பதினேழு லட்சம் ரூபாய் செலவானது. சிவப்புச் சுவரும் வெள்ளைக் குவிமாடமுமாக நிற்கும் அந்தக் கட்டடம் சவுத் இந்தியன் ரயில்வேயின் தலைவாசல். தனுஷ்கோடி வரை போய்க் கப்பலோடு இணைந்து இலங்கைக்கு ஆட்களைச் சேர்த்த போட் மெயில் இங்கிருந்துதான் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போனது. வேலை தேடி வந்தவர்கள், கல்லூரிக்கு வந்தவர்கள், சபாக்களில் பாட வந்தவர்கள், வழக்குக்காக உயர்நீதிமன்றம் வந்தவர்கள் என்று டெல்டாவின் மூன்று நான்கு தலைமுறைகள் இந்தப் பிளாட்பாரத்தில்தான் சென்னையை முதன்முதலாகப் பார்த்தன.

ஆனால் எழும்பூரோடு பயணம் முடிந்துவிடாது. வடக்கே போக வேண்டியவர், மேற்கே கோயம்புத்தூர், பெங்களூர் போக வேண்டியவர் எல்லாரும் சென்ட்ரலுக்குப் போயாக வேண்டும். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் டெல்டாவிலிருந்து ராத்திரி முழுக்கப் பயணம் செய்து வந்த குடும்பத்துக்குப் பெரும் பாடு அங்கேதான் தொடங்கியது. மூட்டை, பெட்டி, குழந்தைகளோடு வெளியே வந்து, ஆட்டோவுக்குப் பேரம் பேசி, இல்லையென்றால் படியேறி இறங்கிப் புறநகர் ரயிலைப் பிடித்து, பார்க் நிலையத்தில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, சென்ட்ரல் வாசலுக்கு ஓட வேண்டியிருந்தது.

ஒரே நகரத்தில், கூப்பிடு தூரத்தில், இரண்டு பெரிய நிலையங்கள் எதற்கு? இதற்கான விடை நம் தொடரின் தொடக்கப் பகுதிகளிலேயே இருக்கிறது. சென்ட்ரல், மெட்ராஸ் ரயில்வே கம்பெனி 1873-இல் திறந்த நிலையம். அதன் வழிகள் அகலப்பாதை. எழும்பூர், தெற்கே ஓடிய வேறொரு கம்பெனியின் நிலையம். அதன் வழிகள் மீட்டர் கேஜ். லண்டனில் இருந்த இரண்டு கம்பெனிகளின் கணக்குப் புத்தகங்கள் சென்னையின் நடுவே ஒரு பிளவை உண்டாக்கின. கம்பெனிகள் போய், நாடு விடுதலை பெற்று, ரயில்வே அரசுடைமையாகி, மீட்டர் கேஜே மறைந்த பிறகும் அந்தப் பிளவு மறையவில்லை.

அதைத் தரைக்கு மேலே மூட முடியவில்லை. வீடும் கடையும் சாலையும் ஆறும் நெருக்கிக்கொண்டு நிற்கும் இடம் அது.

* * *

இடமில்லாத நகரம்

நகரத்துக்கு நடுவே ரயில் ஓட்டுவதற்குச் சென்னை முன்பே ஒரு வழி கண்டிருந்தது. கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இல் ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில் அது. நிலம் கையகப்படுத்தும் தொல்லை வேண்டாம் என்று பக்கிங்ஹாம் கால்வாயின் மேலேயே தூண்களை நட்டுப் பாதை போட்டார்கள். நிலம் மிச்சமானது. ஆனால் ஒரு காலத்தில் படகு போன நீர்வழி நெரிந்துபோனது. ரயிலோ மக்கள் கூடும் கடைத்தெருக்களை விட்டு ஒதுங்கிப் போனது.

அடுத்த திட்டத்தில் அந்தத் தவறு கூடாது என்ற எண்ணம் வலுத்தது. அண்ணா சாலையில் ஓட வேண்டும். பாரிமுனையில், மண்ணடியில் ஓட வேண்டும். எழும்பூரையும் சென்ட்ரலையும் தொட வேண்டும். இத்தனை இடங்களிலும் தரையில் இடம் கிடையாது. தூண் நடவும் வழியில்லை.

2006-இல் ஆட்சிக்கு வந்த மு. கருணாநிதியின் அரசு மெட்ரோ திட்டத்தைக் கையில் எடுத்தது. திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்தவர் அவர். டெல்லி மெட்ரோ நிறுவனம் திட்ட அறிக்கையைத் தயாரித்தது. 2007 டிசம்பரில் சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் பதிவானது. 2008-இல் ஜப்பானின் கடன் உறுதியாயிற்று. 2009 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. மதிப்பீடு 14,600 கோடி ரூபாய்.

இரண்டு வழித்தடங்கள், மொத்தம் 45 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல், சுமார் 24 கிலோமீட்டர், மண்ணுக்குள். 32 நிலையங்களில் 19 நிலத்தடி நிலையங்கள். இரண்டு வழித்தடங்களும் சந்திக்கும் சென்ட்ரலில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு அடுக்கில் தண்டவாளம். அதற்கு முந்தைய நிறுத்தம் எழும்பூர்.

உலகத்துக்கு இது புதிதல்ல. லண்டனில் பாடிங்டனிலிருந்து ஃபாரிங்டன் வரை உலகின் முதல் நிலத்தடி ரயில் ஓடியது 1863 ஜனவரியில். நாகையிலிருந்து புறப்பட்ட தண்டவாளம் திருச்சியை எட்டிய பத்தாவது மாதம் அது. இரண்டும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள். இந்தியாவில் கல்கத்தா 1984-இல் எஸ்பிளனேடுக்கும் பவானிபூருக்கும் இடையே முதல் நிலத்தடி ரயிலை ஓட்டிவிட்டது. டெல்லியும் பிறகு மண்ணுக்குள் இறங்கியது.

ஆனாலும் ஒவ்வோர் ஊரின் மண்ணும் வேறு. டெல்லியில் கற்றதை அப்படியே சென்னையில் செய்ய முடியாது. அது பின்னால் தெரியவந்தது. தெரிந்துகொள்ளக் கொடுத்த விலையும் பெரிது.

* * *

மண் என்ன சொன்னது?

மண்ணைக் கேட்காமல் கட்டக் கூடாது என்பது காவிரிக் கரைக்குப் பழைய பாடம்.

கல்லணையைப் பற்றிய பகுதியில் ஆர்தர் காட்டனைச் சந்தித்தோம். 1830-களில் கொள்ளிடத்தின் குறுக்கே அணை கட்ட வந்த அந்த ஆங்கிலப் பொறியாளர், ஆழம் காண முடியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக எழுதிவைத்தார். பாறை கிடைக்கும் வரை தோண்டிக்கொண்டே போவதல்ல அந்த வித்தை. மணலின் குணத்தை அறிந்து, அது தாங்குகிற அளவுக்குத் தாங்கவைப்பது. முப்பது ஆண்டுக்குப் பிறகு வெட்டாற்றையும் வெண்ணாற்றையும் எண்ணற்ற வாய்க்கால்களையும் தாண்டி ரயில் போட வந்தவர்களும் அதே மண்ணோடுதான் பேச வேண்டியிருந்தது.

சென்னையின் மண் அதைவிடக் கடினமான கேள்வித்தாள். நகரின் வடபகுதியிலும் நடுப்பகுதியிலும் கூவமும் கடலும் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய களிமண், மணல், வண்டல். தெற்கே கிண்டி, பரங்கிமலைப் பக்கம் போகப் போகச் சார்னோக்கைட் என்னும் கெட்டிப் பாறை. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் ஒரே குழியின் மேல்பாதியில் நொறுங்கும் மண்ணும் கீழ்ப்பாதியில் பாறையும் இருக்கலாம். அண்ணா சாலையின் ஒரு பகுதி அப்படிப்பட்ட நிலம்.

அதற்கும் மேல் தண்ணீர். கடலோர நகரத்தில் சில மீட்டர் தோண்டினாலே நீர் ஊறும். நிலத்தடி நிலையத்தின் தளமோ அதைவிடப் பல மடங்கு ஆழத்தில் அமைய வேண்டும். அதாவது, நிலையம் முழுவதுமே நிலத்தடி நீருக்குள் மூழ்கி நிற்கும் கட்டடம். சுற்றியுள்ள நீர் பக்கச் சுவர்களை உள்ளே தள்ளும். அடித்தளத்தை மேலே தூக்கும்.

தோண்டும்போது நீரை இறைத்துக் கொட்டிவிடலாமே என்று தோன்றும். அப்படி இறைத்தால் சுற்றுவட்டார மண் நீர் வற்றி அமுங்கும். மேலே நிற்கும் பழைய வீடுகளில் விரிசல் விழும். எழும்பூரில், பாரிமுனையில் நூறு வயதைத் தாண்டிய கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. எனவே நீரை வெளியிலேயே நிறுத்திவிட்டுத்தான் உள்ளே தோண்ட வேண்டும்.

எப்படி?

* * *

சுவர் முதலில், பள்ளம் பிறகு

வீடு கட்டுகிறவர் பள்ளம் தோண்டி, அதற்குள் சுவர் எழுப்புவார். நிலத்தடி நிலையத்தில் வரிசை மாறுகிறது. முதலில் சுவர், பிறகுதான் பள்ளம்.

நிலையம் அமையும் இடத்தைச் சுற்றி, சாலை மட்டத்திலிருந்து கீழ்நோக்கி, குறுகலான ஆழமான அகழிகளை ஒவ்வொரு துண்டாகத் தோண்டுவார்கள். மண் சரியாமல் இருக்க, தோண்டத் தோண்டவே பென்டோனைட் என்னும் களிமண் கரைசலை ஊற்றி நிரப்புவார்கள். அந்தக் கரைசல் அகழியின் இரு பக்கத்தையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பிறகு, முன்கூட்டியே கட்டிவைத்த பெரும் கம்பிக் கூண்டைக் கிரேனால் தூக்கி உள்ளே இறக்குவார்கள். அடி வரை போகும் குழாய் வழியாகக் கான்கிரீட்டை விடுவார்கள். கான்கிரீட் அடியிலிருந்து நிரம்பி மேலே வர வர, எடை குறைந்த கரைசல் மேலே தள்ளப்பட்டு வெளியேறும். இறுகியதும் அது சுவர். அடுத்து அதன் பக்கத்துத் துண்டு.

இப்படி நாலாபக்கமும் சுவர் சூழ்ந்த பிறகுதான் நடுவிலுள்ள மண்ணை அள்ளத் தொடங்குவார்கள். ஆழம் கூடக் கூடச் சுவர்கள் உள்ளே சாயாமலிருக்கக் குறுக்கே இரும்புத் தாங்கிகளையோ தளங்களையோ அமைப்பார்கள்.

கேட்பதற்கு ஒழுங்கான வேலையாகத் தெரிகிறது. ஆனால் இதை நெரிசலான நகரத்தின் நடுவில் செய்ய வேண்டியிருந்தது. தகரத் தடுப்புகள் எழுந்தன. சாலைகள் பாதியாகக் குறுகின. பேருந்துகள் வழி மாறின. குடிநீர்க் குழாய், சாக்கடைக் குழாய், மின்கம்பி, தொலைபேசிக் கம்பி என்று எந்த வரைபடத்திலும் சரியாகக் குறிக்கப்படாதவையெல்லாம் தோண்டும்போது வெளிப்பட்டன. ஒவ்வொன்றையும் இடம் மாற்றிய பிறகே அடுத்த அடி.

திரு.வி.க. பூங்கா, மே தின பூங்கா, நேரு பூங்கா என்று நிழல் தந்த பூங்காக்கள் வேலைத்தளங்களாயின. கடை வாசலில் தடுப்பு எழுந்ததால் வியாபாரம் இழந்தவர்கள் பலர்.

வேலை செய்தவர்களில் பெரும்பாலானோர் பிகார், ஒடிசா, ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். மூன்று வேளையும் வேலை நடந்தது. விபத்துகளில் சிலர் உயிரிழந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுக்கு முன் டெல்டாவின் சேற்றில் கூடை சுமந்து ரயில் கரை எழுப்பிய கூலிகளின் பெயர்களை எந்த நிலையத்திலும் நாம் காணவில்லை என்று இந்தத் தொடரில் வருந்தியிருக்கிறோம். இருபத்தோராம் நூற்றாண்டின் கல்வெட்டுகளிலும் அமைச்சர்களின் பெயர்கள்தான் இருக்கின்றன.

* * *

மண்ணுக்குள் நகரும் இயந்திரம்

நிலையங்களைத் தோண்டியாயிற்று. ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் இடையே?

அங்கே மேலிருந்து தோண்ட முடியாது. மேலே ஊர் இருக்கிறது. ஒரு நிலையத்தின் பள்ளத்துக்குள் இயந்திரத்தை இறக்கி, மண்ணுக்குள்ளேயே குடைந்து, அடுத்த நிலையத்தின் சுவரை உடைத்து வெளியே வரச் செய்ய வேண்டும்.

சுமார் ஆறரை மீட்டர் குறுக்களவுள்ள வட்டமான வெட்டும் தலை முன்னால் சுழலும். வெட்டிய மண்ணை உள்ளே இழுத்துப் பின்னால் அனுப்பும். பின்னாலேயே கான்கிரீட் துண்டுகளை வளையமாகப் பொருத்திக்கொண்டு போவார்கள். நம் ஊரில் மணல் சரியாமலிருக்க வளையம் வளையமாக இறக்கும் உறைக்கிணற்றைப் படுக்கவைத்தால் எப்படியோ, அப்படித்தான் மெட்ரோ சுரங்கம். பொருத்திய வளையத்தை உந்திக்கொண்டு இயந்திரம் முன்னே நகரும். மறுபடி ஒரு வளையம்.

இதில் உயிர்நாடி ஒன்று உண்டு: அழுத்தம். இயந்திரத்தின் முகத்தில் மண்ணும் நீரும் எவ்வளவு அழுத்துகின்றனவோ அவ்வளவு அழுத்தத்தை உள்ளிருந்தும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கூடினால் மேலே சாலை புடைக்கும்; நுரையும் கலவையும் பீறிட்டு வரும். குறைந்தால், வெட்ட வேண்டியதைவிட அதிக மண் உள்ளே சரிந்துவிடும். வெளியே தெரியாமல் ஒரு வெற்றிடம் உருவாகும். அது மேல்நோக்கி வளரும்.

ஒரே மாதிரியான மண்ணில் இந்தச் சமநிலையைக் காப்பது எளிது. கீழே பாறையும் மேலே இளகிய மண்ணும் உள்ள இடத்தில் பாறையை வெட்ட மெதுவாகப் போக வேண்டும். அப்படி மெதுவாகப் போகும்போது மேலேயுள்ள மண் சரிந்துகொண்டே இருக்கும்.

சென்னைக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. வீட்டுக்கு வீடு ஆழ்துளைக் கிணறு. பழைய கிணறுகளின் இரும்புக் குழாய்கள் இயந்திரத்தின் பாதையில் குறுக்கிட்டன. சில வீடுகளில் கிணற்றின் வழியே நுரைக் கலவை மேலே வந்தது. சில வீடுகளில் சுவர் விரிந்தது.

2012-இல் சுரங்க வேலை தொடங்கியது. பன்னிரண்டு இயந்திரங்கள் வெவ்வேறு இடங்களில் இறங்கின. எழும்பூர் பகுதியை எல் அண்டு டி நிறுவனமும் ஷாங்காய் நகரக் கட்டுமானக் குழுமமும் சேர்ந்து எடுத்திருந்தன. சென்ட்ரலையும் வண்ணாரப்பேட்டைப் பக்கத்தையும், அண்ணா நகர்ப் பகுதியையும் ஆப்கான்ஸ் நிறுவனம் ஒரு ரஷ்ய நிறுவனத்தோடு சேர்ந்து எடுத்திருந்தது. பாறையும் மண்ணும் கலந்த அண்ணா சாலைப் பகுதி கேமன் இந்தியாவுக்கும், மாஸ்கோவின் நிலத்தடி ரயிலைக் கட்டிய மாஸ்மெட்ரோஸ்திராய் நிறுவனத்துக்கும் கிடைத்தது.

உலகின் புகழ்பெற்ற நிலத்தடி நிலையங்களைக் கட்டிய கைகள். இனி என்ன கவலை என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள்.

* * *

2015 ஜனவரி: வேலை நின்றது

அண்ணா சாலையில் தகரத் தடுப்புகளுக்குப் பின்னால் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

வேலை மிகவும் பின்தங்கியிருந்தது. மாஸ்மெட்ரோஸ்திராய் விலகியது. 2015 ஜனவரியில் சென்னை மெட்ரோ நிறுவனம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. பாதி தோண்டிய நிலையங்கள் பாதியிலேயே நின்றன. சுரங்க இயந்திரங்கள் மண்ணுக்குள் அசையாமல் கிடந்தன. மேலே, நகரத்தின் முதன்மையான சாலை தடுப்புகளால் குறுகிக் கிடந்தது.

இந்தக் கதையின் பெரிய திருப்பம் இதுதான். இதற்கு முன்புவரை இரண்டு வழித்தடங்களும் ஏறக்குறைய ஒன்றாக முடியும் என்ற நம்பிக்கை இருந்தது. இதன் பிறகு அவை பிரிந்தன. கோயம்பேடு, அண்ணா நகர், கீழ்ப்பாக்கம், எழும்பூர் வழியாகச் சென்ட்ரல் போகும் தடம் முன்னே போனது. அண்ணா சாலைத் தடம் பின்னே நின்றது.

அதே 2015-இல், ஜூன் 29 அன்று, கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே மேம்பாலத்தின் மேல் சென்னையின் முதல் மெட்ரோ ஓடியது. முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்தார். மக்கள் மகிழ்ச்சியோடு ஏறினார்கள். ஆனால் அது நகரின் மேற்கு ஓரத்தில், தரைக்கு மேலே ஓடிய ரயில். நகரத்தின் நடுவுக்கு வர அது மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும்.

விட்டுப்போன அண்ணா சாலை வேலைக்கு மறுபடி ஒப்பந்தம் விடப்பட்டது. மே தின பூங்காவிலிருந்து டி.எம்.எஸ். நிலையம் வரை ஆப்கான்ஸ். அதற்குத் தெற்கே சைதாப்பேட்டை வரை எல் அண்டு டி. நின்றுபோன சுரங்கங்களில் மீண்டும் ஆட்கள் இறங்கினார்கள். வேறொருவர் தொடங்கிவைத்து, அறிமுகமில்லாத மண்ணில் பாதியில் விட்டுப்போன வேலை. அதைத் தொடர்வது புதிதாகத் தொடங்குவதைவிடக் கடினம்.

* * *

2017 ஏப்ரல் 9: சாலை விழுந்தது

அந்த ஆண்டு டெல்டாவில் தண்ணீர் இல்லை.

2016-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கும் வழக்கம் தவறிப்போய், செப்டம்பரில்தான் திறக்கப்பட்டிருந்தது. சம்பா கருகியது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. மார்ச் 14 முதல் அய்யாக்கண்ணு தலைமையில் தமிழக விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள். மெயின் லைன் ரயில்களில் சென்னைக்கு வேலை தேடிப் போகிறவர்களின் கூட்டத்தில் நிலம் வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். உழவன் எக்ஸ்பிரஸ் என்று பெயர் சூட்டிய ரயிலிலேயே உழவை விட்டு வந்தவர்கள் எழும்பூரில் இறங்கினார்கள்.

அப்படியொரு கோடையில், ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை.

பிற்பகல். அண்ணா சாலையில், ஜெமினி மேம்பாலத்துக்கு அருகே, சர்ச் பார்க் பள்ளிப் பக்கம். ஞாயிறு என்பதால் வழக்கமான நெரிசல் இல்லை. 25ஜி மாநகரப் பேருந்து நிறுத்தத்துக்கு வருகிறது. பக்கத்தில் ஒரு கார்.

சாலைக்கு அடியில் சுரங்க வேலை நடந்துகொண்டிருக்கிறது.

திடீரென்று தார்ச்சாலை அமுங்கியது. பேருந்தும் காரும் அப்படியே கீழே இறங்கின. வானத்தைப் பார்த்தபடி, சாலை நடுவே ஒரு பெரும் பள்ளத்தில் மாநகரப் பேருந்து சிக்கி நின்றது.

பயணிகள் அலறியடித்து வெளியே வந்தார்கள். காரில் இருந்தவரும் வெளியேறிவிட்டார். ஒருவரும் உயிரிழக்கவில்லை. வார நாளாக இருந்து, பள்ளி விடும் நேரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே மனம் பதறுகிறது.

போக்குவரத்து நிறுத்தப்பட்டது. கிரேன்கள் வந்தன. பேருந்தையும் காரையும் தூக்கினார்கள். பள்ளத்தில் கான்கிரீட் கலவையைக் கொட்டி நிரப்பினார்கள். இளகிய மண்தான் காரணம் என்றது மெட்ரோ நிர்வாகம்.

இளகிய மண் அங்கே அன்றைக்கு வந்து சேர்ந்ததல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது. பாறை எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது, பழைய கிணறு எங்கே புதைந்திருக்கிறது என்பதைத் தோண்டுவதற்கு முன் எவ்வளவு நெருக்கமாகத் தெரிந்துகொள்கிறோம் என்பதில்தான் சாலையில் போகிறவரின் உயிர் இருக்கிறது. காட்டன் கல்லணையிடம் கற்றது இதைத்தான். மண்ணைக் குறை சொல்லிப் பயனில்லை. அதன் குணத்தை அறிவது கட்டுகிறவரின் பொறுப்பு. ஒவ்வொரு பத்தடிக்கும் மண் மாறுகிற ஊரில், சோதனைத் துளைகளுக்காகும் செலவையும் நாட்களையும் மிச்சம் பிடிக்கக் கூடாது. ரயில் போடுகிற எல்லாருக்கும் டெல்டா சொல்லக்கூடிய பாடம் இது.

* * *

ஐந்து வாரங்கள்

பள்ளத்தில் நின்ற பேருந்தின் படம் அன்று மாலைக்குள் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் தேநீர்க் கடைகளில் அதே பேச்சு. பிள்ளைகளைச் சென்னைக்கு அனுப்பியிருந்த பெற்றோர் தொலைபேசியில் அழைத்தார்கள்.

சாலைக்கு மேலே போகிறவருக்கே இந்த நிலை என்றால், அதே மண்ணுக்குள் ரயிலில் போவதை யார் நம்புவார்கள்?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல அதிக நாள் இல்லை. இன்னொரு வழித்தடத்தில் ஏழு நிலத்தடி நிலையங்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்தன: திருமங்கலம், அண்ணா நகர் டவர், அண்ணா நகர் கிழக்கு, ஷெனாய் நகர், பச்சையப்பன் கல்லூரி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி, நேரு பூங்கா. அண்ணா சாலை விழுந்த ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமை, 2017 மே 14 அன்று, சென்னையின் முதல் நிலத்தடி ரயில் அங்கே புறப்பட இருந்தது.

நேரு பூங்காவுக்கு அடுத்த நிறுத்தம்தான் எழும்பூர். அதற்கு அடுத்தது சென்ட்ரல். இரண்டு கம்பெனிகளின் காலத்திலிருந்து நம் பயணிகளை மூட்டையோடு அலையவிட்ட அந்த இரண்டு கிலோமீட்டர், மே 14 திட்டத்தில் சேரவில்லை. பாதை நேரு பூங்காவோடு நின்றது.

மே 14 அன்று மக்கள் அந்தப் படிகளில் இறங்கினார்களா? எழும்பூர் வாசலில் வந்து நின்றுவிட்ட பாதை அந்தக் கடைசி இரண்டு நிலையங்களைத் தொட இன்னும் எத்தனை நாள் ஆயிற்று? உழவன் எக்ஸ்பிரஸில் விடியற்காலை வந்து இறங்கும் ஒரு தஞ்சாவூர்க் குடும்பத்துக்கு அந்தப் பாதை உண்மையிலேயே பயன்பட்டதா?

(அடுத்த வாரம்)